கரு வைக்க எந்த மாடு தோதுப்படும்? கால்நடை கேள்வி பதில்

ஈரோடு: காங்கேயம் கருவை ஜெர்சி கலப்பின மாட்டில் வைத்தால் கன்று கலப்பாகிவிடுமா?

ஆகாது. கரு வைப்பது என்றால், ஒரு பசுவிலிருந்து எடுத்த கருவை இன்னொரு மாட்டின் கர்ப்பப்பையில் விட்டுச் சுமக்க வைப்பது. கரு எடுத்த பசுவும், அதற்குப் போட்ட உறைவிந்தின் காளையும்தான் கன்றுக்குத் தாய் தகப்பன். சுமக்கும் மாடு கொடுப்பது இடமும் தீனியும், பிறகு சீம்பாலும். இதையே திருப்பிச் செய்யும்போதுதான் ஆபத்து. ஹோல்ஸ்டீன் மாதிரி பெரிய உடம்புள்ள இனத்தின் கருவைச் சின்ன நாட்டுக் கிடேரியில் வைத்தால் ஈனும்போது கன்று சிக்கிக்கொள்ளும்.

நாமக்கல்: சுமக்கும் மாட்டை எப்படிப் பொறுக்குவது?

பலரும் கருவுக்குப் பார்க்கிற பார்வையை மாட்டுக்குப் பார்ப்பதில்லை. கன்று ஈன்று 60 நாளாவது கழிந்திருக்க வேண்டும். 18 முதல் 24 நாள் இடைவெளியில் தவறாமல் இரண்டு முறையாவது பருவத்துக்கு வந்திருக்க வேண்டும். பருவத்தில் ஒழுகும் வழும்பு கண்ணாடி மாதிரி இருக்கட்டும். அதில் வெள்ளைத் திரி தெரிந்தால் கர்ப்பப்பையில் சீழ், அந்த மாடு வேண்டாம். கன்று வீச வைக்கும் புரூசெல்லா நோய்க்கான பரிசோதனை கட்டாயம்.

அடுத்தது நேரம். மற்ற மாடு மேலே தாவும்போது அசையாமல் நின்ற நாளையும் மணியையும் எழுதி வையுங்கள். 7 நாள் வயதுக் கருவை, பருவம் கண்டு 6 முதல் 8 நாளான மாட்டில்தான் வைக்க முடியும். அன்று டாக்டர் கைவிட்டுப் பார்த்து, எந்தச் சினைப்பையில் மஞ்சள் திட்டு (முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் திசு) இருக்கிறதோ அதே பக்கத்துக் கர்ப்பப்பைக் கொம்பில் கருவை விடுவார். திட்டு இல்லையென்றால், பருவத்தைக் கண்ணால் பார்த்திருந்தாலும் வைக்கக்கூடாது. கருவைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் அந்தத் திட்டிலிருந்துதான் வருகிறது.

தேனி: பத்து மாட்டையும் ஒரே நாளில் பருவத்துக்குக் கொண்டுவர முடியுமா?

ஒரே நாள் என்பது கஷ்டம். மஞ்சள் திட்டைக் கரைத்துப் பருவத்தை வரவைக்கும் புரோஸ்டாகிளான்டின் ஊசி ஒன்று, 11 நாள் கழித்து இன்னொன்று. அதற்குப் பின் 2 முதல் 4 நாளில் பெரும்பாலானவை வரும். பருவம் முடிந்த முதல் 5 நாளில் இந்த ஊசி வேலை செய்யாது, அதனால்தான் இரண்டாவது. போடும்முன் சினைப் பரிசோதனை செய்துவிடுங்கள், சினை மாட்டுக்குப் போட்டால் கன்று வீசிவிடும். தோல் வழியாகவும் உடம்பில் ஏறும் மருந்து இது. கர்ப்பிணிகளும் ஆஸ்துமாக்காரர்களும் குப்பியைத் தொடவே வேண்டாம்.

திண்டுக்கல்: உறைந்த கரு வாங்கினோம், ஒன்றுகூட நிற்கவில்லை. என்ன தப்பு?

பெரும்பாலும் உருக்கும் இடத்தில்தான். விந்துக் குச்சி பழக்கத்தில் நேராக 37 டிகிரி தண்ணீரில் போட்டுவிடுகிறார்கள். உறையும்போது கருவைக் காக்கும் எத்திலீன் கிளைக்கால் கலந்த கருக்குச்சியை முதலில் காற்றில் 5 முதல் 10 விநாடி பிடித்து, பிறகு 30 டிகிரி தண்ணீரில் 10 விநாடிக்கு மேல், பனி முழுக்கக் கரையும்வரை வைக்க வேண்டும். காற்றில் பிடிக்காமல் முக்கினால் கருவின் மேலுறை விரிசல் விடும். துடைத்துவிட்டு 10 நிமிடத்துக்குள் மாட்டில் விட்டாக வேண்டும். அதற்குப் பதில் கிளிசராலில் உறைந்ததென்றால் முறையே வேறு, படிப்படியாகக் கழுவி எடுக்கணும், லேபிளைப் படியுங்கள்.

கரூர்: நாலு முறை சினை ஊசி போட்டும் நிற்காத மாட்டுக்குக் கரு வைக்கலாமா?

காரணத்தைப் பொறுத்தது. கர்ப்பப்பையில் புண் இருந்தால் கருவும் வீண். கர்ப்பப்பை சுத்தமாக இருந்து, கோடை வெயிலில் மட்டும் நிற்காமல் போகிறதென்றால் முயலலாம். வெப்பத்தில் கரு சாவது பெரும்பாலும் முதல் சில நாளில். 7 நாள் கரு அந்தக் கண்டத்தைத் தாண்டி வந்தது. சினை நின்றால், ஈனும் தேதியைக் கரு வைத்த நாளிலிருந்து எண்ணாதீர்கள், பருவம் கண்ட நாளிலிருந்து எண்ணுங்கள். கரு வைத்த நாளிலிருந்து எண்ணினால், அந்தக் கணக்குக்கு ஒரு வாரம் முந்தியே ஈன்றுவிடும்.