காயல் வள்ளத்துக்கு மின்மோட்டார் சரிவருமா?

கேள்வி: கொல்லங்கோடு பக்கம் இருக்கிறோம். நானும் அண்ணனும் 24 அடி ஃபைபர் வள்ளத்தில் பூவாறு காயலில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஓட்டுகிறோம். 9.9 எச்.பி. பெட்ரோல் எஞ்சின். கூட்டம் இல்லாத மாதங்களில் அதே வள்ளத்தில் கடலுக்கும் போவோம். 5 கிலோவாட் மின்மோட்டார் 10 எச்.பி.க்குச் சமம் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?

பதில்: காயலுக்குத் தாராளமாக மாற்றலாம். கடலுக்கு வேண்டாம்.

ஒரு எச்.பி. என்பது 746 வாட். அப்படிப் பார்த்தால் 5 கிலோவாட் 6.7 எச்.பி.தான். மின்மோட்டார் பெரிய புரொப்பல்லரை நிதானமாகச் சுற்றுவதால் மெதுவாகப் போகையில் நன்றாக இழுக்கும். அந்த அளவில் கடைக்காரர் சொல்வதில் உண்மை உண்டு. உச்ச வேகத்தில் பழைய எஞ்சினுக்கு ஈடாகாது. காயலில் அந்த வேகம் தேவையே இல்லை. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே மணிக்கு ஆகும் மின்செலவு ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

மோட்டாரைவிட பேட்டரிக்குத்தான் நிறைய யோசிக்க வேண்டும். உங்களுக்கு ஓட்டம் அதிகமுள்ள நாளில் எத்தனை லிட்டர் பெட்ரோல் ஆகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். லிட்டருக்கு இரண்டரை யூனிட் என்று வைத்தால் கணக்கு ஓரளவு சரியாக வரும். நாலு லிட்டர் என்றால் பத்து யூனிட். பேட்டரியை அடிவரை இறக்கக் கூடாது என்பதால் பன்னிரண்டு யூனிட் பேட்டரி வேண்டும். லித்தியத்தில் அது நூறு கிலோவைத் தாண்டும். விலை குறைவு என்று லெட் ஆசிட் பக்கம் போய்விடாதீர்கள். அதைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடும். இதே ஓட்டத்துக்கு அரை டன் பேட்டரி சுமக்க வேண்டிவரும், அப்புறம் ஆளை எங்கே ஏற்றுவது?

வைக்கம்–தவணக்கடவு இடையே 2017 முதல் ஓடும் 'ஆதித்யா' சோலார் படகைப் பலரும் உதாரணம் காட்டுவார்கள். நல்ல படகுதான். ஆனால் அது ஒரே தடத்தில், கால் மணி நேரத்தில் அக்கரை சேர்கிற படகு. உங்கள் காயல் ஓட்டமும் அந்த மாதிரிதான்: குறுகிய சுற்று, திரும்பும் இடம் ஒன்றே. புகையும் இரைச்சலும் இல்லாமல் போனால் கரையோரப் பறவைகளைப் பார்க்க வருகிறவர்களுக்கும் அது பெரிய சந்தோஷம்.

கடல் வேறு. காயல் கடலில் சேரும் பொழிமுகத்தில் அலை உடையும்போது சட்டென்று முழு வேகம் வேண்டும். வலைக்குப் போனால் திரும்பும் நேரமும் நிச்சயமில்லை. கேனில் கூடுதல் பெட்ரோல் கொண்டுபோகலாம், கரண்ட் கொண்டுபோக முடியாது. அதனால் பழைய எஞ்சினை விற்காதீர்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் உப்புநீரில் ஓட்டினாலும் வாரண்டி செல்லும் என்று எழுதி வாங்குங்கள். கட்டுத்துறையில் சார்ஜ் போட யாருடைய இணைப்பு, என்ன கட்டணம் என்பதையும், எஞ்சின் மாற்றினால் பதிவும் இன்சூரன்சும் என்னாகும் என்பதையும் விசாரியுங்கள். பிறகு, மழை பெய்து நெய்யாற்றில் தண்ணீர் இழுக்கும் ஒரு நாளில், முழு ஆளையும் ஏற்றி, ஒழுக்குக்கு எதிராக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.