ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கணினி விளையாட்டில் கணினியை ஜெயிக்கிறேன், ஆன்லைனில் மட்டும் ஏன் தோற்கிறேன்?

பெரும்பாலும் சண்டை தெரியாததால் அல்ல, டவுன் சென்டர் (வேலையாட்களை உருவாக்கும் மையக் கட்டடம்) சும்மா கிடப்பதால்தான். வேலையாளான ஒரு கிராமவாசி உருவாக 25 விநாடி, 50 உணவு. நீங்கள் ஆடு தேடிச் சுற்றுகையில் அது இரண்டு நிமிடம் தூங்கினால் எதிராளியைவிட நாலு ஆள் குறைவு. அந்த நாலு பேர் வெட்டியிருக்க வேண்டிய மரமும் போச்சு!

தொடக்கத்தில் 200 உணவு இருக்கும், அதாவது நாலு ஆள். நாலையும் உடனே வரிசையில் போடுங்கள். ஆனால் டவுன் சென்டர் தாங்குவது 5 பேரை; மூன்று கிராமவாசிகளும் ஒரு ஸ்கவுட்டும் (வேவு பார்க்கும் வீரர்) ஏற்கெனவே இருக்கிறார்கள். வீடு கட்டினால்தான் அதற்கு மேல் ஆள் சேர்க்கலாம். அதனால் முதல் வேலை வீடு, அப்புறம்தான் ஆடு. (சீனர், மாயர் இனங்களைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு வேறு.)

படை நடத்தும்போதும் அவ்வப்போது எச் (டவுன் சென்டரைத் தேர்ந்தெடுக்க), க்யூ (கிராமவாசியை வரிசையில் போட) விசைகளை அழுத்துங்கள். எனக்கு இந்தப் பழக்கம் வரவே ஒரு மாதம் ஆனது.