ஹேண்டல்பார் மாத்தணுமா? முதல்ல லீவர் உட்கார்ற இடத்த அளந்து பாருங்க

சுங்கை சிப்புட் பக்கத்துல செம்பனத் தோட்டத்துல இருக்கிற ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணே, என்னோடது மவுண்டன் பைக், 9 ஸ்பீட் சிமானோ அலிவியோ கியர், ஆயில்ல ஓடுற சிமானோ ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். தோட்டத்து செம்மண் சடக்குல அரை மணி நேரம் ஓட்டுனாலே சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகுது. ரோட் பைக்குல இருக்கிற மாதிரி வளைஞ்ச டிராப் பார் போட்டா சரியாகுமா? இப்ப இருக்கிற பிரேக் லீவர், கியர் ஷிஃப்டரயே அதுல மாட்டிக்கலாமா?"

மாட்ட முடியாது தம்பி. உங்க பார்ல லீவர் உட்கார்ற இடத்தோட விட்டம் 22.2 மில்லி, டிராப் பார்ல அதே இடம் 23.8 மில்லி. ஒன்றரை மில்லிதானே, கொஞ்சம் விரிச்சு ஏத்திடலாம்னு நெனைக்காதீங்க, பிரேக் லீவரோட வளையத்த விரிச்சா ஒரு நாள் இறக்கத்துல அது வெடிச்சுப் போயிடும். விட்டம் அளக்குற வெர்னியர் கருவி இல்லன்னா ஒரு பேப்பர் துண்ட பார சுத்தி ஒட்ட வச்சு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற இடத்துல பேனாவால கோடு போட்டு, விரிச்சு ஸ்கேல்ல வைங்க. சுற்றளவு 70 மில்லி வந்தா விட்டம் 22.2, 75 வந்தா 23.8. நடுவுல ஸ்டெம், அதாவது பார சைக்கிளோட சேர்த்துப் பிடிக்கிற துண்டு, கடிக்கிற இடத்தையும் அதே மாதிரி பாருங்க, 80 வந்தா 25.4, 100 வந்தா 31.8, 110 வந்தா 35. இந்த ரெண்டு நம்பரும் கையில இல்லாம ஆன்லைன்ல பார் ஆர்டர் பண்ணாதீங்க, படத்துல எல்லாமே அழகாத்தான் இருக்கும்.

டிராப் பார்தான் வேணும்னு பிடிவாதமா நின்னா என்னென்ன மாறணும்னு சொல்லிடுறேன். கியர் பக்கம் உங்களுக்கு யோகம் இருக்கு, சிமானோவுல பழைய 9 ஸ்பீட் வரைக்கும் ரோட் ஷிஃப்டரும் மவுண்டன் பைக் பின் டீரெய்லரும் (செயினத் தள்ளி கியர் மாத்துறது) ஒத்துப் போகும், 10 ஸ்பீட்ல இருந்து ரெண்டும் இழுக்கிற கேபிள் அளவு வேற, சிமானோவுல புதுசா வந்த க்யூஸ் கியர் செட்டும் இந்தக் கணக்குல வராது. ஆனா முன் டீரெய்லர் இழுவை ரோட்டுக்கு வேற, மவுண்டனுக்கு வேற, அங்க தகராறு பண்ணும். பெரிய செலவு பிரேக்குலதான், சாதாரண ரோட் லீவர் கேபிள் இழுக்கிறது, டிஸ்க்கக் கடிக்கிற உங்க காலிபர் ஆயில்ல ஓடுறது, ரெண்டும் சேராது. ஒண்ணு ஹைட்ராலிக் ரோட் லீவர் வாங்கணும், இல்ல ரோட் இழுவைக்குன்னே செஞ்ச கேபிள் டிஸ்க் காலிபருக்கு மாறணும். இதெல்லாம் முடிச்சாலும் மவுண்டன் பைக் ஃபிரேம் ஏற்கனவே நீளம், டிராப் பார் கைய இன்னும் 7, 8 சென்டி முன்னால இழுக்கும், ஸ்டெம்ம சின்னதாக்கணும். பாதி சைக்கிள் காச அதுல போட்டும் கை மரத்துப் போறது நிக்கும்னு என்னால சொல்ல முடியல.

ஏன்னா அந்த ரெண்டு விரலும் மரத்துப் போறதுக்குக் காரணம் பெரும்பாலும் உள்ளங்கையோட சுண்டு விரல் பக்கத்து அடியில ஓடுற நரம்பு நசுங்குறதுதான். நேர் பார்ல மணிக்கட்டு ஒரு பக்கமா திரும்பி நிக்கும், அதுக்கு மேல உடம்பு வெயிட்டும் சடக்கு குலுக்கலும். அதனால முதல்ல காசில்லாத வேலையப் பாருங்க, சீட் மூக்கு கீழ சாஞ்சிருந்தா நிமிர்த்துங்க, பிரேக் லீவர் கோணத்த முழங்கையில இருந்து விரல் வரைக்கும் ஒரே கோட்டுல வர்ற மாதிரி திருப்புங்க, டயர் கல்லு மாதிரி இருந்தா காத்தக் கொஞ்சம் குறைங்க. அப்பவும் மரத்துச்சுன்னா பார மாத்தலாம், ஆனா 22.2 குடும்பத்துக்குள்ளயே மாத்துங்க. சாதாரண பார் 5ல இருந்து 9 டிகிரி வரைக்கும்தான் பின்னால வளைஞ்சிருக்கும், ஜோன்ஸ் கம்பெனியோடது மாதிரி, முன்னால ஒரு வளையம் வச்ச லூப் பார்ல அது 45 டிகிரி. கை, சாமான் தூக்கிட்டு நடக்கிற மாதிரி இயல்பா நிக்கும், உங்க அலிவியோ ஷிஃப்டர், சிமானோ லீவர் எல்லாம் அப்படியே ஏறும். பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி வளைஞ்ச பட்டர்ஃப்ளை பாரும் 22.2தான், ஆனா அதுல முன்னால பிடிச்சா பிரேக் கைக்கு எட்டாது, மழை பெஞ்ச செம்மண்ணுல எதிர்ல பழக்குலை ஏத்துன லோரி வர்ற சடக்குக்கு அத நான் சொல்லமாட்டேன்.

வாங்குறப்ப கைப்பிடி பக்கம் நேரா இருக்கிற நீளத்த கேளுங்க. கிரிப், பிரேக், ஷிஃப்டர் மூணும் அந்த நேர் பகுதியில உட்காரணும், வளைவுல வளையம் சரியா கடிக்காது. வளையம் திறக்காத மாடல்னா முனையில இருந்துதான் உருவி ஏத்தணும். பழைய ரப்பர் கிரிப்ப கழட்ட சோப்புத் தண்ணி விடுங்க, எண்ணெய் மட்டும் வேணாம், அப்புறம் கிரிப் சுத்திக்கிட்டே இருக்கும்.

பிரேக் ஆயில் போற ஹோஸ வெட்டாதீங்க. எல்லாத்தையும் லேசா முடுக்கி வச்சுட்டு, பார முழுசா இடது பக்கம் திருப்பிப் பாருங்க, வலது பக்கம் திருப்பிப் பாருங்க, ரெண்டு பக்கமும் ஹோஸும் கேபிளும் இறுகாம, மடியாம இருக்கணும், முழங்கால்லயும் பார் முனை இடிக்கக் கூடாது. நீளம் பத்தலன்னா புது ஹோஸ், அது முனையில கசியாம பிடிக்கிற ஆலிவ்ங்கிற சின்ன வளையம் புதுசா, அப்புறம் உள்ள இருக்கிற காத்த வெளியேத்தி பிளீட் பண்ணணும். ஈப்போவுல செய்யக் கொடுத்தீங்கன்னா மினரல் ஆயில்தான் ஊத்துறாங்களான்னு பக்கத்துல நின்னு பாருங்க, வேற வகை பிரேக் ஆயிலான டாட் ஆயில் போனா உள்ள இருக்கிற ரப்பர் சீல் கெட்டுடும்.

லூப் பார் போட்டா கை பின்னால வர்றதால முன் சக்கரத்துல வெயிட் குறையும், மேடு ஏறுறப்ப முன்பக்கம் தூக்குற மாதிரி தெரியும், அப்ப ஸ்டெம் ஒரு சைஸ் நீளமா போட்டுக்குங்க. ஸ்டெம் முன் மூடியோட நாலு போல்ட்டையும் குறுக்கு குறுக்கா மாத்தி மாத்தி முடுக்கி, மேலயும் கீழயும் இடைவெளி ஒரே அளவா இருக்கான்னு பாருங்க, பல ஸ்டெம்ல 5 நியூட்டன் மீட்டர்தான் முடுக்குற அளவு, ஸ்டெம்மிலயே எழுதியிருக்கும். நம்ம ஊர் மழைக்கு போல்ட் மரையில கொஞ்சம் கிரீஸ் வைங்க, முனை ரெண்டுலயும் மூடி போடுங்க, திறந்த குழாய் முனையோட விழுந்தா அது உடம்புல குத்திடும். முதல் வாரம் ஓட்டுனதுக்கு அப்புறம் திரும்ப ஒரு தடவ எல்லா போல்ட்டையும் முடுக்கிப் பாருங்க தம்பி.