தினமும் மணிக்கணக்கில் செல்போனில் பேசினால் மூளையில் கட்டி வருமா?

பயப்பட வேண்டாம். செல்போனால் மூளைக்கட்டி வருவதாக இதுவரை நடந்த பெரிய ஆய்வுகள் காட்டவில்லை.

செல்போனிலிருந்து வருவது ரேடியோ அலை. எக்ஸ்ரே போல டி.என்.ஏ.வை உடைக்கும் சக்தி அதற்குக் கிடையாது. (பேசி முடித்ததும் கன்னம் சுடுகிறதே, அது பெரும்பாலும் போனின் சூடுதான்.)

அப்புறம் ஏன் இந்தப் பேச்சு? 2011-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அலைகளை '2பி' பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவற்றில் சேர்த்தது. அதற்கு ஒரு முக்கியக் காரணம், 13 நாடுகளில் நடந்த இன்டர்ஃபோன் ஆய்வு. மிக அதிகமாகப் பேசிய பத்து சதவீதத்தினரிடம் கிளையோமா என்ற மூளைக்கட்டி சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் கணக்கு முழுக்க நினைவை நம்பியது. பல வருடங்களுக்கு முன் எந்தக் காதில், எவ்வளவு நேரம் பேசினோம் என்று யாரால் சரியாகச் சொல்ல முடியும்? கட்டி வந்தவர்களில் சிலர் நாளுக்கு 12 மணி நேரத்துக்கும் மேல் பேசியதாகச் சொன்னார்கள்!

ஆட்களை முன்கூட்டியே சேர்த்து, பல ஆண்டுகள் கவனித்த ஆய்வுகளை நான் அதிகம் நம்புகிறேன். பிரிட்டனில் சுமார் 7.76 லட்சம் பெண்களைத் தொடர்ந்த ஆய்வு 2022-இல் வெளியானது. போன் பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் மூளைக்கட்டியில் வித்தியாசமே இல்லை. 2024-இல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்யப்பட்ட, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வும் தொடர்பு தெரியவில்லை என்றே சொன்னது.

மனசு கேட்கவில்லையா? சரி, ஸ்பீக்கரிலோ இயர்போனிலோ பேசுங்கள். சிக்னல் குறைவான இடத்தில் போன் கூடுதல் சக்தியில் அலையை அனுப்பும். அங்கே பேச்சைச் சுருக்கலாம். ஆனால் விடாத தலைவலி, புதிதாக வலிப்பு, பார்வைக் கோளாறு இருந்தால், போனை ஆராயாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.