எண்பது வயதுக் கெட்டுவள்ளம்: தாளை நம்புவதா, மரத்தை நம்புவதா?

கேள்வி: நித்திரவிளையிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: "தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்துக்கு அருகில் நானும் என் மகனும் சிறிய விடுதி நடத்துகிறோம். ஆலப்புழையில் ஒரு பழைய கெட்டுவள்ளம் (கயிற்றால் தைத்துக் கட்டிய பெரிய சரக்கு வள்ளம்) விலைக்கு வருகிறது. எண்பது ஆண்டுப் பழையது, திருவிதாங்கூர் அரண்மனைக்கு நெல் ஏற்றிய வள்ளம் என்கிறார் விற்பவர். இடையில் சில காலம் ஹவுஸ்போட்டாக ஓடியிருக்கிறது. ஒரு பதிவுச் சான்றும், மலையாளத்தில் எழுதிய பழைய தாள்கள் சிலவும் காட்டுகிறார். இது யார் யார் கையில் இருந்தது என்று அறிய வழி உண்டா? நம்பி வாங்கலாமா?"

பதில்: மரம் நன்றாக இருந்தால் வாங்கலாம். அரண்மனைக் கதைக்காக ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள். ஆலப்புழையிலும் கொல்லத்திலும் விலைக்கு நிற்கும் பழைய வள்ளங்களில் பாதி அரண்மனைக்கு நெல் சுமந்தவை. மீதி ஏதாவது பெரிய தறவாட்டுக்கு, அதாவது கூட்டுக்குடும்பத்துக்குச் சொந்தமானவை. விற்பவர்கள் சொல்வதைக் கூட்டிப் பார்த்தால் திருவிதாங்கூர் அரண்மனையில் சோறு பொங்கவே ஒரு கப்பற்படை வேண்டியிருந்திருக்கும்.

ஒரு பழைய வள்ளத்துக்கு இரண்டு வரலாறு உண்டு. பதிவு எண்ணுக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று. இரண்டும் ஒன்றாகப் போகும் என்று எண்ணிவிடக் கூடாது. எண் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாள் வழியாகப் போகிறது. மரமோ ஆசாரியின் கையில் பலகை பலகையாக மாறிக்கொண்டே வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் வரைதான் விற்பவர் சொல்லும் கதைக்கு விலை.

முதலில் எண். 1917-ஆம் ஆண்டின் உள்நாட்டு நீராவிக் கலங்கள் சட்டம் இயந்திரத்தால் ஓடும் கலங்களுக்கானது. கழுக்கோல் ஊன்றியும் பாய் விரித்தும் போன சரக்கு வள்ளம் அதற்குள் வரவில்லை. சாலைகளும் பாலங்களும் வந்து லாரி சரக்கைப் பிடுங்கிக்கொண்ட பிறகு பல வள்ளங்கள் கரையில் கிடந்தன; பலவற்றின் பலகை கதவாகவும் கட்டிலாகவும் போயிற்று. 1990-களின் தொடக்கத்தில் சுற்றுலாவுக்காக அவற்றின்மேல் மூங்கில் கூரை வேய்ந்து இயந்திரம் பொருத்தினார்கள். அப்போதுதான் பல வள்ளங்கள் முதன்முறையாகத் துறைமுகத் துறையின் பதிவுக்குள் வந்தன. ஆகவே உங்கள் விற்பவரின் சான்றில் 'கட்டப்பட்ட ஆண்டு' என்று இருப்பது மரத்தின் வயதாக இல்லாமல், ஹவுஸ்போட்டாக மாற்றிய ஆண்டாக இருக்கலாம். அங்கே 1998 என்றிருந்தால் விற்பவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்ட வேண்டாம். 1945 என்றிருந்தால் மட்டும் அந்த ஆண்டு எந்த ஆதாரத்தில் எழுதப்பட்டது என்று கேளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வேம்பநாட்டுக் காயலின் தாங்குதிறனை மீறிப் படகுகள் பெருகியதால் அங்கே புதிய ஹவுஸ்போட்டுகளுக்குப் பதிவு கொடுப்பதை நிறுத்திவைத்தார்கள். அதன் விளைவாகப் பழைய எண்ணுக்கே தனி விலை வந்துவிட்டது. உளுத்துப்போன வள்ளத்தின் எண்ணைப் புதிய வள்ளத்தின்மேல் எழுதிவிட்டால் போதும், தாளில் அது பழைய வள்ளம். உங்களுக்கு வருவது இதன் மறுபக்கமாகவும் இருக்கலாம்: எண்ணைப் பிரித்து வேறு படகுக்குக் கொடுத்துவிட்டு, வெறும் உடலை உங்கள் தலையில் கட்டுவது. அதனால் சான்றில் உள்ள நீளம், அகலம், ஆழம், இயந்திர எண் ஆகியவற்றை நீங்களே டேப் வைத்துச் சரிபாருங்கள். ஓரிரு அங்குல வித்தியாசம் அளந்தவரின் கையைப் பொறுத்தது. இரண்டடி வித்தியாசம் என்றால் ஒன்று வள்ளத்தை வெட்டி நீட்டியிருக்கிறார்கள், இல்லையென்றால் அது வேறு வள்ளம்.

பழைய மலையாளத் தாள்களைத்தான் நான் முதலில் கையில் எடுப்பேன். திருவிதாங்கூரில் 1096-ஆம் ஆண்டின் பொதுக் கால்வாய்கள், கடவுகள் சட்டம் இருந்தது. அது கொல்லம் ஆண்டு, மலையாள ஆண்டுக் கணக்கு. ஆங்கிலக் கணக்கில் 1920–21. சிங்கம் (ஆவணி) மாதம் முதல் தனு (மார்கழி) பாதி வரை 824-ஐயும், அதன் பின் 825-ஐயும் கூட்டிக்கொள்ளுங்கள். கால்வாயில் ஓடிய நாட்டு வள்ளங்களுக்கு அந்தக் காலத்தில் கொடுத்த உரிமத் தாள் ஒன்று அந்தக் கட்டில் இருந்தால், அரண்மனைக் கதையைவிட அது நூறு மடங்கு மதிப்புள்ளது. அளவு கோல் கணக்கில் இருந்தால் ஒரு கோலுக்குச் சுமார் 72 சென்டிமீட்டர். 30 கோல் வள்ளம் ஏறக்குறைய 71 அடி. அந்த அளவை வள்ளத்தோடு ஒப்பிட்டுவிட்டு, அதன் பிறகு பெயர்களைப் பாருங்கள்.

உரிமத் தாள் இல்லை என்றால் பாகப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரிய வள்ளங்கள் பலவும் ஒரு தனி ஆளுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. தறவாட்டுச் சொத்தாக இருந்தன, குடும்பத் தலைவரான காரணவர் நடத்தினார். 1976 டிசம்பரில் கேரளக் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னும் பின்னும் எழுதிய பாகப்பத்திரங்களில் நிலம், வீடு, பாத்திரம், உருளி வரிசையில் வள்ளமும் வருவதுண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் எடுக்கலாம். வள்ளத்தில் இன்ன அண்ணனுக்குப் பாதி, இன்ன மருமகனுக்கு (சகோதரி மகனுக்கு) பாதி என்று எழுதியிருந்தால், அந்தப் பாதிகள் பிறகு ஒன்றுசேர்ந்ததற்கான தாளும் வேண்டும். அது இல்லாவிட்டால், வள்ளம் உங்கள் கரைக்கு வந்த பிறகு ஒரு மருமகன் பேரன் வந்து நிற்பான்.

பதிவுக்குப் பிந்தைய சங்கிலியைப் பின்னோக்கிப் பிடியுங்கள். விற்பவர் யாரிடம் வாங்கினார், அவர் யாரிடம் வாங்கினார் என்று ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் பதிவேட்டில் பெயர் மாறியிருக்க வேண்டும். பதிவேட்டுக் குறிப்பின் சான்றிட்ட நகலை விற்பவரே தன் பெயரில் விண்ணப்பித்து வாங்கித் தரட்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நீங்கள் கேட்டால் தனிநபர் விவரம் என்று மறுக்க இடமுண்டு. உரிமையாளர் யாராவது இறந்திருந்தால் வாரிசுச் சான்று, எல்லா வாரிசுகளின் கையெழுத்து. ஹவுஸ்போட்டாக ஓடிய வள்ளம் என்பதால் வங்கிக் கடன் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். கடன் தீர்ந்ததற்கு வங்கியின் கடிதம் கேளுங்கள், வாய்வார்த்தை போதாது.

பெயரை வைத்தும் வரலாற்றைத் தேட வேண்டாம். போட்டிக்கு ஓடும் நீண்ட சுண்டன் வள்ளங்களைப் பாருங்கள். 1952-இல் நேரு வந்தபோது நடந்த போட்டியில் வென்றது நடுபாகம் சுண்டன் என்று ஏடுகளில் இருக்கிறது. பெயர் கரையினுடையது, அதாவது வள்ளத்தை வைத்திருக்கும் ஊராருடையது. ஒரு கரை தன் பழைய சுண்டனை விற்றுவிட்டுப் புதியது கட்டினால் பெயர் புதிய வள்ளத்துக்குப் போய்விடும். விற்ற உடல் வேறு ஊரில் வேறு பெயரோடு நீரில் இறங்கும். துடுப்புப் போடும் கிளப் இன்னொன்று. கோப்பை எந்த மரத்துக்குக் கிடைத்தது என்று கேட்டால் கரைக்காரர்களே சிரிப்பார்கள். மேலைநாடுகளில் பழைய பாய்மர உல்லாசப் படகு வாங்குபவருக்கு ஒரு வசதி இருந்தது: 1878 முதல் 1980 வரை லண்டனில் வெளிவந்த லாயிட்ஸ் படகுப் பதிவேட்டில் படகின் பெயர், கட்டியவர், உரிமையாளர் எல்லாம் அச்சாயின. ஒவ்வோர் ஆண்டுப் பதிப்பாகப் புரட்டினால் கைமாறிய கதை தெரிந்துவிடும். நம் காயல் வள்ளத்துக்கு அப்படி ஒரு புத்தகம் கிடையாது.

ஆகவே மரத்திடம் கேட்க வேண்டும். ஆஞ்சிலியா என்பது முதல் கேள்வி. நம் பக்கத்தில் அயனி என்று சொல்லும் அதே மரம்தான்; உங்கள் ஊர்த் தச்சர் ஒருவரைக் கூட அழைத்துப் போனால் செதுக்கிய இடத்தைப் பார்த்ததும் சொல்லிவிடுவார். பிறகு மேல்வரிப் பலகையையும் அணியத்தையும் (வள்ளத்தின் முன்முனையையும்) பாருங்கள். தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே உள்ள பலகைகள்தான் அடிக்கடி மாற்றப்படுபவை. மேலே இருப்பவையும் அணியத்தின் வளைந்த துண்டும் நெடுநாள் தங்கும். வள்ளத்தின் வயதை அங்கேதான் படிக்க வேண்டும்.

கெட்டுவள்ளம் ஆணியில்லாமல் கயிற்றால் தைத்தது. பலகை ஓரம் நெடுகத் துளைகள் வரிசையாகப் போகும். பலகை சேரும் இடத்தில் தேங்காய் நார் திணித்து, கயிற்றை இழுத்துக் கட்டி, முந்திரி ஓட்டு எண்ணெயும் மீன் எண்ணெயும் பூசுவார்கள். கயிறு சில ஆண்டுக்கொரு முறை மாற வேண்டியது. ஒவ்வொரு முறையும் கயிறு உரசி உரசித் துளையின் வாய் ஒரு பக்கமாக நீளும். வட்டமாகத் துளைத்தது நெல்மணி வடிவத்துக்கு வந்துவிடும். சில துளைகள் உடைந்து, பக்கத்திலேயே புதுத்துளை போட்டு, பழையதை நாரும் எண்ணெய்ப் பிசினும் வைத்து அடைத்திருப்பார்கள். விரல் நுனியால் தடவினால் அடைப்பு தட்டுப்படும். அப்படி நீண்ட துளையும் அடைத்த துளையும் கலந்து நிற்கும் பலகை பல தையல் கண்ட பலகை. பக்கத்துப் பலகையில் எல்லாத் துளையும் உருண்டையாக, விளிம்பு கூர்மையாக இருந்தால் அது அண்மையில் போட்டது. இப்படி ஒரு பக்கத்தை முழுக்க நடந்து பார்த்து, பழைய பலகை எத்தனை, புதுப் பலகை எத்தனை என்று சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள். பாதிக்கு மேல் பழையதாக இருந்தால் அதைப் பழைய வள்ளம் என்று நான் ஒத்துக்கொள்வேன். இந்தக் கணக்கை மறுப்பவர்களும் உண்டு; ஏரா மரம் (அடியில் நடுவே நீளமாக ஓடும் மரம்) பழையதாக இருந்தாலே போதும் என்பார்கள். கெட்டுவள்ளத்துக்கு அது பொருந்தாது என்பது என் எண்ணம். அதன் உயிர் தைத்த பலகைகளில்தான் இருக்கிறது.

உள்தரையையும் பாருங்கள். நெல்லும் கொப்பரையும் சுமந்த வள்ளத்தின் தரை ஓரளவு வழுவழுப்பாகவே தேய்ந்திருக்கும். மணல் அள்ளிய வள்ளத்தில் மண்வெட்டி விழுந்த வெட்டுத் தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். 2001-இல் ஆற்றுமணல் அள்ளுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் வருவதற்கு முன்பு எத்தனையோ சரக்கு வள்ளங்கள் மணலுக்குப் போயின. அரண்மனை நெல் வள்ளத்தில் மண்வெட்டித் தழும்பு இருந்தால் குறைத்துக் கேட்க உங்களுக்கு நல்ல காரணம் கிடைத்துவிட்டது. கரிமக் கணிப்புச் சோதனை செய்து வயது சொல்கிறேன் என்று யாராவது வந்தால் பணத்தை வீணாக்காதீர்கள். கடைசி முந்நூறு ஆண்டுக்குள் அது துல்லியமாகச் சொல்லாது. சொன்னாலும் அது மரம் வளர்ந்த காலம், வள்ளம் கட்டிய காலம் அல்ல.

நீங்கள் கேட்காத ஒன்று. உப்புநீரைத் தடுக்கும் தண்ணீர்முக்கம் தடுப்பணையை மூடும் மாதங்களில் குட்டநாட்டுப் பக்கம் நன்னீரே அதிகம். உங்கள் தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலில் கலக்கிறது, உப்பேறும் தண்ணீர். மரத்தைக் குடையும் கப்பற்புழுவுக்கு அதுதான் விருந்து. வெளியே குண்டூசித் தலையளவு ஓட்டைதான் தெரியும், உள்ளே விரல் நுழையும் அளவுக்குச் சுண்ணப் பூச்சோடு குடைந்திருக்கும். வாங்குமுன் கீழ்ப்பலகைகளை மரச்சுத்தியால் தட்டுங்கள். பொத்தென்று ஒலிக்கும் இடத்தில் தமரூசியால் குத்திப் பாருங்கள். வாங்கிய பிறகும் ஆண்டுக்கொரு முறையாவது கரையேற்றி உலரவைத்து எண்ணெய் பூச வேண்டும். இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் விலை பேசாதீர்கள். பொழிமுகம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருவதால், கட்டிப்போடத் துறை கட்டுவதென்றால் முன்கூட்டியே அனுமதி வேண்டும். 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி ஒரு மாநிலத்தில் பெற்ற பதிவு எல்லா மாநிலங்களிலும் செல்லும். ஆனால் பெயர் மாற்றம் முடியாமல் எல்லை தாண்டிக் கொண்டுவர வேண்டாம்.

கொண்டுவருவது எப்படி என்பது கடைசிச் சிக்கல். கெட்டுவள்ளம் திறந்த கடலுக்கானது அல்ல. பூவாறிலிருந்து தெற்கே கன்னியாகுமரியைத் தொடுவதற்காக 1860-இல் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் முழுமை பெறவே இல்லை. வெட்டிய பகுதியும் இன்று பல இடங்களில் தூர்ந்து கிடக்கிறது. லாரியில்தான் வர வேண்டும், எழுபதடி வள்ளத்தைக் களியக்காவிளை வளைவுகளில் திருப்புவது கனவு. கட்டை அவிழ்த்து, பலகைகளுக்கு வரிசை எண் எழுதி, ஒவ்வொன்றையும் இருபுறமும் படம் எடுத்து ஏற்றி, இங்கே மீண்டும் தைப்பதே வழி. ஆலப்புழையிலிருந்து ஆசாரியையும் கூட்டி வர வேண்டியிருக்கும், செலவு கூடும்தான். ஆனால் கட்டு அவிழும்போது பலகையின் விளிம்பும் துளையின் உள்வாயும் முதன்முறையாக வெளிச்சத்துக்கு வருகின்றன. எந்தப் பலகை எவ்வளவு பழையது என்று அன்றைக்குத்தான் தெளிவாகத் தெரியும். ஆகவே விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது நிறுத்திவைத்து, கட்டு அவிழ்த்துப் பலகைகளைப் பார்த்த பிறகே மிச்சம் என்று விற்பனை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அரண்மனை வள்ளம் என்று உறுதியாகச் சொல்பவர் அந்த வரிக்குக் கையெழுத்துப் போடத் தயங்க மாட்டார்.