கிணற்றில் நைட்ரேட்: மரத்தூள் பள்ளம் வெட்டலாமா?

கேள்வி: நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். எருக்குவியலிலிருந்து 60 அடி தள்ளி, கீழ்ச்சரிவில் கிணறு. 10 அடியில் தண்ணீர், 18 அடியில் பாறை. பரிசோதனையில் லிட்டருக்கு 160 மில்லிகிராம் நைட்ரேட் வந்தது. மாடுகளும் இதைத்தான் குடிக்கின்றன. இடையில் பள்ளம் வெட்டி மரத்தூள் போட்டால் சரியாகும் என்கிறார்கள். கடைக்காரர் ஜியோலைட் என்ற கனிமத்தைப் போடச் சொல்கிறார். எது நல்லது?

பதில்: ஜியோலைட்டுக்குக் காசைக் கரியாக்காதீர்கள். அது அம்மோனியத்தைப் பிடிக்கும், நைட்ரேட்டைப் பிடிக்காது. விற்பவருக்கு இது தெரியாவிட்டால் அறியாமை, தெரிந்தும் விற்றால் மோசடி.

மரத்தூள் பள்ளம் ஏமாற்று இல்லை. காற்றுப்படாத ஈரத்தில் பாக்டீரியா மரத்தின் கார்பனைத் தின்று, நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிவிடும். கனடாவிலும் நியூசிலாந்திலும் பத்து வருடங்களுக்கு மேல் வேலை செய்த பள்ளங்கள் உண்டு. மோட்டாரும் மின்சாரமும் வேண்டாம். ஆனால் பள்ளம் நிலத்தடி நீரோட்டத்துக்குக் குறுக்கே, பாறை வரை இறங்க வேண்டும். பாதியில் நின்றால் தண்ணீர் அடியில் நழுவிவிடும். கோடையில் நீர்மட்டம் பாறைக்குக் கீழே போகும் இடமென்றால் வெட்டவே வேண்டாம். வெறும் மரத்தூளும் தென்னைநார்க் கழிவும் நாளடைவில் இறுகும். இறுகினால் தண்ணீர் சுற்றிக்கொண்டு போகும். விரல் பருமன் மரச்சில்லும் பெருமணலும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்பி, மேலே 2 அடி மண் மூடுங்கள். பிளைவுட் தூள் கூடாது, அதில் பசை இருக்கும். உங்கள் அளவு நைட்ரேட்டுக்குத் தண்ணீர் உள்ளே பத்து நாளாவது தங்க வேண்டும். நாளுக்கு அரை அடி நகரும் மண்ணில் அகலம் 5 அடி. முதல் சில வாரம் பழுப்பு நிறத் தண்ணீர் வரும், பயப்படாதீர்கள்.

நீங்கள் கேட்காததைத்தான் முதலில் செய்ய வேண்டும். குவியல் மழையில் நனையும் வரை எந்தப் பள்ளமும் தோற்கும். ஒரு டன் காய்ந்த கோழி எருவில் 20 கிலோவுக்குக் குறையாமல் தழைச்சத்து இருக்கிறது. நீங்கள் காசு கொடுத்து யூரியா வாங்கிக்கொண்டே அதைக் கிணற்றில் கரைக்கிறீர்கள். குவியலைக் கிணற்றுக்குக் கீழ்ச்சரிவுக்கு மாற்றி, அடியில் களிமண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, சுற்றிலும் வரப்பு கட்டி, மேலே தகரக்கூரை போடுங்கள். தார்ப்பாய் நெடுநாள் தாங்காது. இதற்கு ஆகும் செலவைத் தள்ளிப்போட்டுவிட்டு ஜேசிபிக்கு முன்பணம் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

அதுவரை இந்தத் தண்ணீரைப் பயிருக்குப் பாய்ச்சுங்கள். ஏக்கருக்கு 1 அங்குலம் பாய்ச்சினால் சுமார் 8 கிலோ யூரியாவுக்குச் சமமான தழைச்சத்து போகிறது. அதை உரக்கணக்கில் கழியுங்கள். மாடுகளுக்கு வேறு தண்ணீர் கொடுங்கள். சோளத்தட்டிலும் நைட்ரேட் இருக்கலாம்; அதுவும் சேர்ந்தால் இரண்டு பக்கமும் நைட்ரேட் ஏறும். வீட்டில் குடிக்கவே வேண்டாம், வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். கைக்குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுத்தாலும் ஆபத்துதான்; காய்ச்சினால் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடும்.

பள்ளம் வெட்டுவதானால் தண்ணீர் நுழையும் பக்கம் ஒன்று, வெளியேறும் பக்கம் ஒன்று எனத் துளையிட்ட பிவிசி குழாயை இறக்கி வையுங்கள். மழைக்குப் பிறகு ஒருமுறை, கோடையில் ஒருமுறை இரண்டிலும் நைட்ரேட் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு காட்டினால், தண்ணீர் சில்லுக்குள் போகவில்லை, சுற்றிப் போகிறது.