கோத்தகிரி: ஆவி பிடித்தால் சளி இளகாமல் இருமல் கூடுகிறது, கண் எரிகிறது

ஆவி பிடிக்கும் நீரில் விடும் தைலத்தைக் குறையுங்கள். நீங்கள் சொல்வதுபோல் ஒரு மூடி நிறைய விடுவது ரொம்ப அதிகம். கொதிக்கிற நீரில் விட்டதும் அத்தனையும் ஒரேயடியாகக் கிளம்பி, போர்வைக்குள் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். இருமல் அதனால்தான் இருக்கும்.

இன்றிரவு தைலமே இல்லாமல் வெறும் வெந்நீரில் பிடித்துப் பாருங்கள். அடுப்பிலிருந்து இறக்கி 2 நிமிடம் ஆறட்டும். கண்ணை மூடி, முகத்தை ஒரு முழம் தள்ளி வைத்து 5 நிமிடம். இருமல் வரவில்லையா, நாளை 2 சொட்டு மட்டும் விடுங்கள். பயப்படாதீர்கள், சாதாரணச் சளி பத்து நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மூச்சு இரைத்தாலோ காய்ச்சல் 3 நாள் தாண்டினாலோ மருத்துவரிடம் போங்கள். குழந்தைகளுக்கு இந்தத் தைலமும் வேண்டாம், கொதிநீர்ப் பாத்திரமும் வேண்டாம்.

குளிருக்குக் கரியடுப்பு மூட்டிக் கதவைச் சாத்தித் தூங்குகிறீர்களா? முதலில் அதை வெளியே வையுங்கள். அதன் வாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.